சிறகில் ஒட்டிய சீட்டு



கனடா நாட்டின் டொரன்டோ நகரில் 1911-ஆம் ஆண்டு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. அக்குழந்தை வளர்ந்து சிறுவனானபோது அவன் மனத்தில் ஒரு கேள்வி குடியேறியது. கோடை முழுவதும் வெளிகளில் பறந்து திரியும் செம்மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சிகள் குளிர்காலம் நெருங்கியதும் எங்கே போய்விடுகின்றன? மடிந்துவிடுகின்றனவா? வேறு தேசத்திற்குப் பறந்து செல்கின்றனவா? செல்கின்றன என்றால், எந்த இடத்திற்கு?

பெரும்பாலான சிறுவர்கள் இத்தகைய கேள்விகளைப் பள்ளிக்கூடம் முடிவதற்குள் மறந்துவிடுவார்கள். ஃபிரெட் உர்கார்ட் மறக்கவில்லை. அவருக்கு விடை கிடைத்தபோது வயது அறுபத்து மூன்று.

இந்த மனிதரைப் பற்றி எழுதுவதற்கு எங்களுக்கு ஒரு காரணம் உண்டு. பிளஸ் டூ முடித்த எங்கள் மூத்த மகள், கல்லூரியில் விலங்கியல் படிக்க வேண்டும், அதிலும் பூச்சிகளைப் பற்றி ஆராய வேண்டும் என்று கூறினாள். அதன்பின் மூன்று மாதங்கள் எங்கள் வீட்டில் நடந்த பேச்சுகள் பல. அந்நாட்களில் கணவனும் மனைவியுமாக நாங்கள் தேடித் தேடி வாசித்தவற்றுள் உர்கார்ட்டின் வாழ்க்கையே எங்களை நெடுநேரம் பேச வைத்தது. ஆகவே முதலில் அவரைச் சொல்லி, பிறகு எங்கள் வீட்டுக்கு வருகிறோம்.

உர்கார்ட் தொடர்ந்து சென்ற பட்டாம்பூச்சியின் பெயர் மோனார்க். எடை ஏறத்தாழ அரை கிராம்தான். செம்மஞ்சள் சிறகில் கறுப்பு நரம்புகளும், ஓரத்தில் வெண்புள்ளிகளும் இருக்கும். நம் ஊர்ச் சாலையோரத்து எருக்கஞ்செடியைச் சுற்றிப் பறக்கும் செம்மஞ்சள் பட்டாம்பூச்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது மோனார்க்கின் நெருங்கிய உறவு. மோனார்க்கும் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த, பால் வடியும் செடிகளில்தான் முட்டையிடும். புழு அந்த இலையைத் தின்னும்போது செடியின் நஞ்சும் உடலில் சேர்கிறது. அந்த நஞ்சு புழுவைக் கொல்வதில்லை. பட்டாம்பூச்சியாக மாறிய பின்னும் உடலில் தங்கி, அதைக் கொத்தித் தின்ன வரும் பறவைக்குக் குமட்டலை உண்டாக்குகிறது. ஒரு முறை தின்று வாந்தியெடுத்த பறவை அந்தச் செம்மஞ்சள் நிறத்தை மறுபடியும் நெருங்குவதில்லை.

கலிபோர்னியாக் கடற்கரையின் சில தோப்புகளில் மோனார்க்குகள் குளிர்காலத்தைக் கழிப்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் அமெரிக்கக் கண்டத்தின் கிழக்குப் பகுதியிலும் கனடாவிலும் கோடையில் காணப்படும் கோடிக்கணக்கானவை எங்கே செல்கின்றன என்பது ஆய்வாளர் எவருக்கும் தெரியாது. தெற்கு நோக்கிப் பறப்பதைப் பலர் பார்த்திருந்தனர். அவை போய்ச் சேருமிடத்தை அவர்களில் யாரும் அறிந்திருக்கவில்லை.

பறவையானால் காலில் வளையம் மாட்டலாம். அரை கிராம் எடையுள்ள பூச்சிக்கு எதை மாட்டுவது? 1930-களின் பிற்பகுதியில் உர்கார்ட் இதற்கு வழி தேடத் தொடங்கினார். முதலில் அஞ்சல்தலையைப் போல் பின்புறம் பசை தடவிய சிறு தாளைச் சிறகில் ஒட்டிப் பார்த்தார். கலிபோர்னியாவில் சோதித்தபோது மழை பெய்தது; சீட்டுகள் நனைந்து கழன்று தரையில் கிடந்தன. பல ஆண்டு முயற்சி ஒரே மழையில் கரைந்தது.

பின்னர் கடைகளில் கண்ணாடிப் பொருள்களின்மேல் விலை ஒட்டுவதற்குப் பயன்படும் சீட்டு வகை கைகொடுத்தது. சிறகின் முன்விளிம்பில் ஒரு சிறு இடத்தில் மட்டும் செதில்களை மெல்லத் தேய்த்து அகற்றிவிட்டு, சீட்டை அந்த விளிம்பின்மேல் இருபுறமுமாக மடித்து அழுத்த வேண்டும். சீட்டில் ஓர் எண்ணும், இதைக் கண்டவர் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறைக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். பூச்சி பறக்கத் தடையில்லை. மழைக்கும் சீட்டு அசையவில்லை. ஒரு பேராசிரியரின் வாழ்நாள் ஆராய்ச்சிக்கு உயிர் கொடுத்தது கடைக்காரரின் விலைச்சீட்டு என்பதை எங்கள் மகள் மிகவும் ரசித்தாள்.

1945-ல் உர்கார்ட் நோரா என்னும் பெண்மணியை மணந்தார். கணவரின் கேள்வி அன்றிலிருந்து மனைவியின் கேள்வியுமாயிற்று. ஒரு தம்பதியர் மட்டும் ஒரு கண்டம் முழுவதும் பட்டாம்பூச்சிகளுக்குச் சீட்டு ஒட்ட முடியாதல்லவா? 1952-ல் நோரா ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதி, உதவ முன்வருபவர்களை அழைத்தார். முதலில் பதில் எழுதியவர்கள் பன்னிரண்டு பேர்தான். 1971-ஆம் ஆண்டளவில் அது ஏறத்தாழ அறுநூறு பேராக வளர்ந்தது. ஆசிரியர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள், பணி ஓய்வு பெற்றவர்கள் என அவர்களுள் பலதரத்தவரும் இருந்தனர். இவர்களில் எவருக்கும் ஊதியமில்லை. மாலையில் தோட்டத்தில் நின்று பூச்சியைப் பிடித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, சீட்டை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். பறக்கவிட்டவற்றில் மிக மிகச் சிலவே மீண்டும் எவர் கையிலேனும் கிடைத்தன.

அப்படிக் கிடைத்த ஒவ்வொன்றுக்கும் உர்கார்ட் தம்பதியர் வரைபடத்தில் கோடு வரைந்தனர். சீட்டு ஒட்டிய ஊர் ஒரு முனை. கண்டெடுத்த ஊர் மறுமுனை. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கோடுகள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகச் சாய்ந்து ஓடின. அவை டெக்சாஸ் மாநிலத்தைக் கடந்து மெக்சிகோ நாட்டை நோக்கிச் சென்றன. அதற்கு மேல் வரைபடம் வெறுமையாக இருந்தது.

இங்கே சற்று நிறுத்தி, எங்கள் வீட்டுச் செய்தியைச் சொல்கிறோம்.

எங்கள் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கும்போது, கொல்லையில் நின்ற கறிவேப்பிலைச் செடியில் ஒரு புழுவைக் கண்டாள். முதலில் பறவை எச்சம் போலத் தோன்றிய அது, தோல் உரிக்க உரிக்கப் பச்சை நிறத்துக்கு மாறியது. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு போன்ற ஒன்றை நீட்டி நாற்றம் பரப்பியது. அவள் அதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் இட்டு, வாயில் மெல்லிய துணியைக் கட்டி, நாள்தோறும் புது இலை வைத்தாள். பழைய கணக்கு நோட்டின் மீதிப் பக்கங்களில் தேதி போட்டு, எத்தனை இலை தின்றது, எப்போது தோல் உரித்தது என்று எழுதி வந்தாள். புழு கூடு கட்டியது. எல்லோரும் பட்டாம்பூச்சிக்காகக் காத்திருந்தோம். ஒரு காலையில் கூட்டில் குண்டூசி முனை அளவு ஓட்டையிட்டு வெளியே வந்தவை மிகச்சிறிய குளவிகள்.

அன்று முழுவதும் அவள் அழுதாள். ஆனால் இரவில் நோட்டை எடுத்து, அந்தக் குளவிகளை எண்ணி எழுதியிருந்தாள். கீழே ஒரு கேள்வியும் இருந்தது: "இது எப்போ உள்ளே போச்சு?" அந்த நோட்டு இன்றும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. விலங்கியல் படிக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது, அது ஒருநாள் ஆசையல்ல என்பதை அந்த நோட்டினால்தான் நாங்கள் அறிந்திருந்தோம்.

ஆயினும் அறிந்திருப்பது வேறு, சம்மதிப்பது வேறு. எங்கள் குடும்பத்தில் படித்த பெண்கள் பலர் உண்டு. ஆசிரியையாகவும் மருந்தாளுநராகவும் இருக்கிறார்கள். கணினி படித்தவர்களும் உண்டு. எல்லாம் பெயர் சொன்னவுடன் பிழைப்பு விளங்கும் படிப்புகள். அவளுடைய பெரியத்தா அன்புடன்தான் கேட்டார்: "ஏம்மா, பட்டாம்பூச்சி புடிச்சா சோறு கெடைக்குமா?" நன்னியின் கவலை வேறு மாதிரி: "காடு மேடுன்னு அலையிற படிப்பு பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு? நாளைக்கி மாப்புள வீட்டுல கேட்டா என்ன சொல்றது?" இரண்டு கேள்விகளையும் நாங்கள் இலேசாக எண்ணவில்லை. எங்கள் வருமானம் பெரிதன்று. இவளுக்குப் பின் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இளங்கலை முடித்து, முதுகலை முடித்து, அதற்கு மேலும் ஆராய்ச்சி என்று போனால் எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். அதுவரை அவளுக்கு வருமானம் என்று ஒன்று வருமா என்பதற்கு எவரும் உறுதி கூற முடியாது.

மகளோ வாதாடவில்லை. "அத்தா, எனக்கும் தெரியல. ஆனா வேற எதையும் படிச்சா இதப் பத்தியேதான் நெனச்சிக்கிட்டு இருப்பேன்" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது மெக்சிகோவுக்கு வருவோம்.

வரைபடத்தின் கோடுகள் மெக்சிகோவைக் காட்டியதும், அந்நாட்டுப் பத்திரிகைகளில் வேண்டுகோள் வெளியிடச் செய்தார் நோரா. மெக்சிகோ நகரத்தில் வசித்துவந்த கென் ப்ரக்கர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1973-ல் பதில் எழுதினார். அவருடன் தேடலில் இணைந்தவர் கத்தலீனா அகுவாடோ என்ற மெக்சிகோ இளம்பெண். இருவரும் 1974-ல் திருமணம் செய்துகொண்டனர். மலைப்பாதைகளில் வண்டி ஓட்டியும், நடந்தும், ஊர்வாசிகளிடம் விசாரித்தும் தேடினார்கள். வழியில் சிதைந்த பட்டாம்பூச்சிகள் தென்பட்ட திசையைப் பிடித்துக்கொண்டு மேலே சென்றார்கள். 1975 ஜனவரி 2 அன்று செர்ரோ பெலோன் என்ற மலையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில், ஊசியிலை மரங்கள் அடர்ந்த காட்டில் அந்த இடத்தை அடைந்தார்கள். மரத்தின் அடியும் கிளையும் இலையும் கண்ணுக்குத் தெரியாதவாறு பட்டாம்பூச்சிகள் இலட்சக்கணக்கில் அடுக்கடுக்காக அமர்ந்திருந்தன. ஒரு வாரத்தில், ஜனவரி 9 அன்று, டொரன்டோவில் உர்கார்ட் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது.

அடுத்த ஆண்டு ஜனவரியில் உர்கார்ட் தம்பதியர் நேரில் சென்றனர். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும்; அவருக்கோ வயது அறுபத்து நான்கு. மூச்சு வாங்கியபடி ஏறிச் சென்று அவர் அந்த மரங்களைக் கண்டார். அங்கே அவர் அமர்ந்திருந்தபோது, பட்டாம்பூச்சிகளின் பாரம் தாங்காமல் ஒரு மரக்கிளை முறிந்து விழுந்தது. அரை கிராம் எடையுள்ள உயிர்கள் கூடிக் கிளையை முறித்தன! சிதறிக் கிடந்தவற்றைக் குனிந்து பார்த்தபோது, ஒன்றின் சிறகில் வெள்ளைச் சீட்டு தெரிந்தது. அது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சாஸ்கா என்ற ஊரில் ஒரு பள்ளி ஆசிரியரும் அவருடைய மாணவர்கள் இருவரும் முந்தைய ஆகஸ்டில் ஒட்டிய சீட்டு. அங்கிருந்து இந்த மலைக்கு நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 2,800 கிலோமீட்டர்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் கோடையில் காணும் பூச்சிகளே இங்கு வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ? 1976 ஆகஸ்டு மாத நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் இச்செய்தியை உலகுக்கு அறிவித்தது. சிறுவயதில் தொடங்கிய கேள்விக்கு அவர் தம் வாயாலேயே விடை எழுதினார்.

கதை இத்துடன் முடிந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் எங்கள் மகள் இன்னொன்றையும் கேட்டாள்: "அப்போ அந்த மலையில இருந்த ஜனங்களுக்கு அதுக்கு முன்னாடி தெரியாதா?"

தெரியும். மிச்சோவாகான் பகுதியில் வாழும் மசாவா, ஒட்டோமி முதலிய பழங்குடி மக்களுக்கு அந்தப் பட்டாம்பூச்சிகள் ஆண்டுதோறும் நவம்பர்த் தொடக்கத்தில் வருவது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். இறந்தோரை நினைவுகூரும் அவர்களது நாள்களை ஒட்டி அவை வருவதால், முன்னோர்களின் ஆன்மாக்கள் திரும்பி வருவதாக அவர்களுள் நம்பிக்கை நிலவியது. அது நம் கொள்கைக்கு உரியதன்று. ஆனால் பூச்சியின் வருகையை அவர்கள் கூர்ந்து கவனித்திருந்தார்கள் என்பதை மறுக்க இயலாது. அவர்களுக்குத் தெரியாதது அவை எங்கிருந்து வருகின்றன என்பது. உர்கார்ட்டுக்குத் தெரியாதது அவை எங்கே போகின்றன என்பது. ஒரே கேள்வியின் இரண்டு பாதிகள் இரண்டு தேசங்களில் இருந்தன. அவற்றைச் சேர்த்து வைத்ததுதான் அந்தச் சீட்டு.

அட்டைப்படத்தில் பட்டாம்பூச்சிகள் சூழ நின்ற இளம்பெண் கத்தலீனாதான். ஆயினும் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசியோர் நெடுங்காலம் உர்கார்ட்டின் பெயரையே சொன்னார்கள். அந்த மலைக்கு முதலில் ஏறிய அப்பெண்ணின் பெயர் பரவலாக அறியப்பட்டது பல ஆண்டுகள் கழித்தே.

மற்றொரு செய்தியும் உண்டு. உர்கார்ட் அந்த இடம் எது என்பதை மற்ற ஆய்வாளர்களுக்குச் சொல்ல மறுத்தார். மோனார்க்கின் நஞ்சைப் பற்றி ஆய்ந்து புகழ்பெற்ற லிங்கன் பிரோவர் என்ற அமெரிக்க விஞ்ஞானி கேட்டும் தெரிவிக்கவில்லை. கூட்டம் திரண்டு காட்டை அழித்துவிடும் என்று அவர் அஞ்சினார். வெளியான கட்டுரையில் இருந்த சிறு குறிப்புகளைக் கொண்டு வில்லியம் கால்வர்ட் என்பவர் முயன்று தேடி, அதே மலைத்தொடரில் பட்டாம்பூச்சிகள் தங்கும் இடத்தைக் கண்டார். பிரோவரும் அங்கு சென்று ஆய்வைத் தொடர்ந்தார். இரு தரப்புக்கும் இடையே மனக்கசப்பு நீடித்தது.

உர்கார்ட் செய்தது சரியா என்று எங்கள் வீட்டில் ஓர் இரவு முழுக்க விவாதம் நடந்தது. கல்வியை மறைப்பது கூடாது என்பது நாம் அறிந்த போதனை. அதேவேளை, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைக் காப்பதும் கடமை. அந்தக் காடு அவரிடம் ஒப்படைக்கப்பட்டதா, அல்லது அந்த மலைமக்களிடமா? "அவங்க ஊரை அவங்கக்கிட்டேயே மறைக்க முடியாதே அத்தா" என்றாள் மகள். நாங்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. பெரிய காரியம் செய்தவர் எல்லாவற்றிலும் சரியாக நடந்திருக்க வேண்டியதில்லை என்பதில் மட்டும் ஒத்துப்போனோம்.

பின்னர் வந்த ஆய்வுகள் வியப்பை இன்னும் பெருக்கின. கோடையில் பிறக்கும் மோனார்க் இரண்டு முதல் ஆறு வாரங்கள்தான் வாழும். ஆனால் கோடையின் முடிவில் பிறக்கும் தலைமுறை மட்டும் எட்டு மாதங்கள்வரை வாழ்கிறது. அது உடனே முட்டையிடுவதில்லை. தன் வலிமையைப் பயணத்திற்குச் சேமிக்கிறது. மெக்சிகோ மலையில் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் வடக்கே புறப்பட்டு, வழியில் முட்டையிட்டு மடிகிறது. அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தொடர்ந்து வடக்கே நகர்கின்றன. அடுத்த இலையுதிர் காலத்தில் மெக்சிகோவுக்குப் புறப்படுபவை, சென்ற ஆண்டு அங்கிருந்து வந்தவற்றின் கொள்ளுப்பேரர்கள். எவையும் அந்த மலையைக் கண்டதில்லை. வழிகாட்ட மூத்தது ஒன்றும் உயிருடன் இல்லை. சூரியனின் நிலையைப் பார்த்து, உணர்கொம்புகளில் உள்ள உயிர்க்கடிகாரத்தால் நேரத்தைக் கணக்கிட்டுத் திசையைத் திருத்திக்கொள்கின்றன என்று விஞ்ஞானிகள் கண்டறிந்திருக்கிறார்கள்.

திருமறையின் தாஹா அத்தியாயத்தில் மூஸா நபி (அலை) ஃபிர்அவ்னுக்குக் கூறிய பதிலை நாம் அறிவோம். ஒவ்வொன்றையும் படைத்து, பின் அதற்குரிய வழியையும் காட்டியவனே தம் இறைவன் என்பது அதன் கருத்து. அல்காரிஆ அத்தியாயம் மறுமை நாளின் மனிதர்களுக்குச் சிதறிய விட்டில்களை உவமை காட்டுகிறது. தேனீயின் பெயரிலும் எறும்பின் பெயரிலும் சிலந்தியின் பெயரிலும் அத்தியாயங்கள் இருக்கின்றன. சிறு உயிர்களை உற்றுநோக்குவது வீண்வேலை என்று எண்ணுவதற்கு நம் மரபில் இடமில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பஸரா நகரில் வாழ்ந்த அல்ஜாஹிஸ், உயிரினங்களைப் பற்றிக் 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலை ஏழு பாகங்களாக எழுதினார். அதில் ஈயும் எறும்பும் உண்டு. அவரது இளமையைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு செய்தி: வறுமையில் இருந்த தாய், உணவு கேட்ட மகன் முன்னால் ஒரு தட்டு நிறைய ஏடுகளை வைத்து, நீ சம்பாதித்து வருவது இவைதாமே என்றாராம். "சோறு கெடைக்குமா?" என்ற கேள்வி பெரியத்தாவுக்கு முன்னரே பஸராவில் கேட்கப்பட்டிருக்கிறது!

அந்தத் தாயையும் நாங்கள் குறைசொல்ல மாட்டோம். அடுப்பை மூட்ட வேண்டியவருக்குத்தான் அந்தக் கவலை தெரியும்.

உர்கார்ட் தம்பதியருக்குக் கனடாவின் உயரிய விருது 1998-ல் வழங்கப்பட்டது. ஃபிரெட் 2002-லும் நோரா 2009-லும் மறைந்தனர். அவர்கள் தேடிய மலைகளைச் சேர்ந்த 56,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பகுதியை மெக்சிகோ அரசு 2000-ஆம் ஆண்டு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 2008-ல் அது யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் பட்டாம்பூச்சிகள் குறைந்துவருகின்றன. 1996-97 குளிர்காலத்தில் அவை அமர்ந்திருந்த காட்டின் பரப்பு 18 ஹெக்டேர். 2013-14-ல் அது 0.67 ஹெக்டேராகச் சுருங்கியது. பின்னர் சற்றுக் கூடியும் குறைந்தும் வருகிறது. மலையில் மரம் வெட்டப்படுவதும், வடக்கே வயல்களில் களைக்கொல்லி தெளிப்பதால் அவற்றின் செடி அழிவதும், பருவநிலை மாறுவதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இதையெல்லாம் ஆண்டுதோறும் அளந்து எழுதுபவர்களும் ஒரு காலத்தில் "இதைப் படித்து என்ன செய்யப்போகிறாய்" என்று கேட்கப்பட்ட பிள்ளைகளாகவே இருந்திருப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. சீட்டு ஒட்டும் பணியும் நிற்கவில்லை. 1992-ல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மோனார்க் வாட்ச் அமைப்பின் வழியே ஆயிரக்கணக்கான மாணவர்களும் குடும்பங்களும் இன்றும் அதைச் செய்கின்றனர்.

மகளின் படிப்பைப் பற்றி நாங்கள் எடுத்த முடிவைச் சொல்லி முடிக்கிறோம். உர்கார்ட்டின் வரலாற்றைப் படித்ததால் முடிவு எளிதாகிவிடவில்லை. அவருக்குப் பல்கலைக்கழகத்தில் பணி இருந்தது. மாதந்தோறும் சம்பளம் வந்தது. கேள்வியைச் சுமந்தவர் அவர் என்றால், அந்தச் சுமையைத் தூக்க ஒரு நாட்டின் கல்வி அமைப்பு உடன் நின்றது. எங்கள் மகளுக்கு அப்படி ஒன்று வாய்க்கும் என்று எங்களால் சொல்ல இயலாது. அதை அவளிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னோம்.

ஆனால் இன்னொன்றையும் கவனித்தோம். நோரா இல்லாமல் ஃபிரெட் இல்லை. பன்னிரண்டு பேர் பதில் எழுதாமல் அறுநூறு பேர் சேர்ந்திருக்க முடியாது. நீண்ட கேள்வி ஒருவருக்கு இருந்தால், அதைத் தாங்கச் சுற்றியிருப்போரும் வேண்டும். அவளுக்கு அத்தகைய சுற்றமாக இருப்பது முதலில் எங்கள் பொறுப்பு என்று உணர்ந்தோம்.

எனவே பேருந்தில் போய்வரும் தொலைவில் உள்ள மகளிர் கல்லூரியில் விலங்கியல் இளங்கலைக்கு விண்ணப்பித்தோம். இடம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். மூன்று ஆண்டுகள் படிக்கட்டும். அதன் பிறகு மீண்டும் அமர்ந்து பேசுவோம் என்று ஒப்புக்கொண்டோம். ஆசிரியப் பயிற்சியும் பெற்றுக்கொள்வதாக அவளே முன்வந்து சொன்னாள். பெரியத்தா முதல் ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தாமே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "சோறு கெடைக்குமான்னு கேட்டேன், வேணாம்னு சொல்லலயே" என்றார். நன்னி இன்னும் முழுமனதாகச் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்று அவர் அவ்வப்போது கேட்கிறார். "படிச்ச புள்ளன்னு சொல்லுங்க நன்னி" என்கிறாள் மகள்.

உங்கள் வீடுகளிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். பூச்சியைப் பார்த்து நிற்கும், கல்லைப் பொறுக்கும், வானத்தைப் பார்த்து எதையோ எண்ணிக்கொண்டிருக்கும். அதன் கேள்வி சோறு போடுமா என்பது உங்களுக்கும் தெரியாமலிருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் ஒரு நோட்டையாவது கொடுத்துவையுங்கள். எங்கள் மகளுக்காகவும் துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.